காய்ப் பெட்டிக்குச் சந்தா கட்டும் முன்

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடையில் மூன்று நாள் வெறும் தேங்காயும் இஞ்சியும்தான் இருந்தன. அந்த வாரம்தான் எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், "மதுராந்தகம் பக்கம் ஒரு விவசாயி காய் அனுப்புறார், பத்து வீடாவது சேர்ந்தா வண்டி வரும்" என்று போட்டார். பதினாறு வீடு சேர்ந்தோம்.

முதல் பெட்டியில் வந்தவை: இரண்டு சுரைக்காய், ஒரு கிலோ கொத்தவரங்காய், ஒரு வாழைப்பூ, மூன்று கட்டுக் கீரை, ஒரு கைப்பிடி பச்சை மிளகாய். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எதுவும் இல்லை. அடுத்த வாரம் ஏழு வீடுதான் மிஞ்சியது.

விலகிய ஒன்பது வீட்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். கடையில் ஆர்டர் போட்டால் கேட்டது வரும், தோட்டத்தில் ஆர்டர் போட்டால் காய்த்தது வரும். இதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. எனக்கும்தான் சொல்லவில்லை. பிழைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். சென்னையில் இப்போது இப்படி வாராவாரம் பெட்டி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். புதிதாகச் சேர நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதையும், கேட்காமல் விட்டுப் பிறகு வருந்துவதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இது நம் ஊரில் முளைத்த யோசனை இல்லை. ஜப்பானில் 1970-களிலேயே குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து விவசாயிகளிடம் நேரடியாக வாங்கத் தொடங்கின. அதற்கு அங்கே 'தெய்கெய்' என்று பெயர். அமெரிக்காவில் 1986-ல், பருவம் தொடங்கும் முன்பே பணம் கட்டி விளைச்சலில் பங்கு வாங்கும் முறை வந்தது. நமக்குத் தெரிந்தது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறந்தது. இடைத்தரகர் இல்லாமல் விற்பதுதான் அங்கேயும் நோக்கம். ஆனால் உழவர் சந்தையில் நீங்கள் பொறுக்கி எடுக்கலாம், பெட்டியில் பொறுக்க முடியாது.

முதல் வேலை: உங்கள் அடுப்பைக் கணக்கெடுங்கள்

யாரிடம் வாங்குவது என்று தேடும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். இன்று என்ன காய் சமைத்தோம், எவ்வளவு, எது மிஞ்சிக் குப்பைக்குப் போனது, எத்தனை வேளை வெளியில் சாப்பிட்டோம் என்று தினமும் எழுதுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஆளுக்கு ஒரு நாளைக்குக் கீரையும் காயும் சேர்த்து 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது. நாலு பேர் வீட்டுக்கு வாரம் 11 கிலோவுக்கு மேல் ஆகிறது. அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு உற்சாகத்தில் பெரிய பெட்டிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர். நோட்டுப் போட்டுப் பார்த்தபோது வெங்காயம், தக்காளி, உருளை நீங்கலாக வாரம் நாலரைக் கிலோதான் வந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டலாம், கூட்டியும் இருக்கிறோம். ஆனால் பெட்டி வந்ததாலேயே வயிறு பெரிதாகிவிடாது.

கிலோவைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் காய் நறுக்குவது யார்? வாழைப்பூவைக் கள்ளன் எடுத்து ஆய அரை மணி நேரம் ஆகும். கீரை ஆய ஆள் வேண்டும். பலாக்கொட்டை, மொச்சை, சுண்டைக்காய் எல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை. மாமியாரோ அம்மாவோ பகலில் வீட்டில் இருந்து டிவி பார்த்தபடி இதைச் செய்துவிடுகிற வீட்டில் பெட்டி கொடி கட்டிப் பறக்கும். கணவன் மனைவி இருவரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்புகிற வீட்டில், வியாழக்கிழமை வாக்கில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டைத் திறக்கவே பயமாக இருக்கும். உங்கள் வீடு இரண்டாம் வகை என்றால் வாரம் ஒரு கட்டுக் கீரைக்கு மேல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாதத்துக்கு மாதம் தேவை மாறும், அதையும் நோட்டில் குறியுங்கள். அசைவம் சாப்பிடுகிற வீடுகளில் புரட்டாசி வந்தால் காய் செலவு திடீரென்று ஏறும். அமாவாசைக்கும் திவசத்துக்கும் இங்கிலீஷ் காய் சேர்க்காத வீடுகளுக்கு நாட்டுக்காய்ப் பெட்டி வசதி. மே மாதம் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விடுவீர்கள் என்றால் அந்த நாலு வாரத்துக்கு என்ன செய்வது என்பதை விசாரிக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அனுப்புவது யார் என்று பாருங்கள்

பெட்டி என்று விளம்பரம் செய்கிறவர்கள் மூன்று வகை.

ஒன்று, தனி விவசாயி அல்லது ஒரே பண்ணை. சென்னைக்குப் பெரும்பாலும் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வரும். காலையில் பறித்தது மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் அந்தத் தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும். கத்தரி காய்க்கிற காலத்தில் ஆறு வாரம் தொடர்ந்து கத்தரிக்காய் வந்ததை நான் அனுபவித்திருக்கிறேன்.

இரண்டு, பல விவசாயிகளிடம் சேகரித்து அனுப்புகிற குழு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், தன்னார்வலர்கள் தொடங்கிய ரீஸ்டோர், ஓ.எஃப்.எம். போன்ற இயற்கை அங்காடிகள் எல்லாம் இந்த வரிசை. ஊட்டி கேரட் ஒரு விவசாயியிடம், சமவெளிக் காய் இன்னொருவரிடம் என்று வாங்கிச் சேர்ப்பதால் பெட்டியில் வகை இருக்கும். எந்தக் காய் யாருடையது என்று எழுதி வைக்கிற இடமாகப் பாருங்கள். முதல் முறை சேர்கிறவர்களுக்கு என் யோசனை இந்த வகைதான்.

மூன்றாவது வகை, 'தோட்டத்திலிருந்து நேராக' என்று படம் போட்ட ஆப். உள்ளே போனால் வருடம் முழுக்கக் காலிஃபிளவர் இருக்கும், புரோக்கோலி இருக்கும். மண்டியில் மொத்தமாக வாங்கி அட்டைப் பெட்டியில் அடுக்குவது குற்றமில்லை, காயும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அது வீட்டுக்கு வருகிற காய்கறிக் கடை. கடை விலைக்கு மேல் அதற்குக் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

போனில் கேட்க வேண்டியது

எல்லோரும் முதலில் கேட்பது, "ஆர்கானிக்கா?" அதற்கு யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. நான் கேட்பது வேறு: "போன நாலு வாரம் பெட்டியில என்னென்ன அனுப்பினீங்க?"

இந்தப் பட்டியல் கையில் வந்துவிட்டால் பாதி உண்மை தெரிந்துவிடும். நீங்கள் காய்கறிப் பருவத்தைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தால் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் செங்கல்பட்டுப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கேரட்டும் முட்டைக்கோசும் வராது. அவை நீலகிரி, கொடைக்கானல், ஓசூர்ப் பக்கத்துக் காய். அந்த வெயிலைத் தாங்கி நிற்பவை கொத்தவரை, வெண்டை, கத்தரி, முருங்கை, வெள்ளரி, தண்டுக்கீரை, கூடவே மாங்காய். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். அப்போது விதைத்த வெண்டை ஒன்றரை மாதத்தில் வந்துவிடும், அவரைப் பந்தல் நிறையக் காய்க்கக் கார்த்திகை, மார்கழி ஆகும். தை பிறந்தால் பெட்டி கனக்கும்: அவரை, மொச்சை, பரங்கி, சேனை, சர்க்கரைவள்ளி, வாழைத்தார். முருங்கைக்காய் பங்குனி முதல் மலிந்து கிடக்கும், மழைக்காலத்தில் பூ உதிர்ந்துபோய் மார்கழியில் தங்க விலை விற்கும். மார்கழிப் பெட்டியில் வாரம் தவறாமல் கட்டுக் கட்டாய் முருங்கைக்காய் வருகிறது என்றால், எங்கிருந்து என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எங்கள் விவசாயியிடம் முதல் மாதம் நான் கேரட் கேட்டேன். "நம்ம மண்ணுல கேரட் வராதும்மா. வேணும்னா மொத்தச் சந்தையில வாங்கி வெச்சு அனுப்பறேன். ஆனா அது என் காய் இல்ல, சொல்லிட்டுத்தான் தருவேன்" என்றார். அன்றைக்குத்தான் இவரிடம் தொடரலாம் என்று முடிவு செய்தேன்.

பட்டியலுக்குப் பிறகு இன்னும் சில. எந்த ஊர், எவ்வளவு நிலம், கிணறா போர்வெல்லா ஏரிப் பாசனமா? பறிப்பது என்றைக்கு, கிளம்புவது எத்தனை மணிக்கு? காய் அழுகி வந்தால் என்ன செய்வீர்கள்? தோட்டத்துக்கு ஒருநாள் வந்து பார்க்கலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலின் தொனியைக் கவனியுங்கள். "வாங்க, ஞாயித்துக்கிழம வாங்க, இளநி வெட்டித் தரேன்" என்பவரும் உண்டு, "அதெல்லாம் ஹெட் ஆஃபீஸ்ல கேக்கணும் சார்" என்பவரும் உண்டு.

போக முடிந்தால் போய்விடுங்கள். மதுராந்தகம் ஒரு காலைப் பயணம்தான். தோட்டத்தில் ஒரே பயிர் கண்ணுக்கெட்டும் வரை நிற்கிறதா, பூச்சியை இழுக்க வரப்பு ஓரம் ஆமணக்கும் செண்டுமல்லியும், பலகையில் ஒட்டுப்பொறியும் இருக்கிறதா, மாட்டுக்கொட்டகை இருக்கிறதா, பின்பக்கம் பூச்சிமருந்து டப்பா கிடக்கிறதா என்று சும்மா ஒரு நடை நடந்தாலே தெரியும். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். எங்கள் பெண் அதுவரை புடலங்காய் நேராகத் தொங்கக் கல் கட்டுவார்கள் என்று சொன்னால் நம்பவே இல்லை.

'ஆர்கானிக்' முத்திரையைப் படிப்பது எப்படி

சான்றிதழில் இரண்டு வழி உண்டு. ஒன்று தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து சோதித்துச் சான்று தரும். தமிழ்நாட்டில் அரசே இதற்கு ஒரு துறை வைத்திருக்கிறது, தலைமை அலுவலகம் கோவையில். இந்த முறையில் காய்கறி போன்ற ஓராண்டுப் பயிருக்கு இரண்டு வருடம், மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருடம் ரசாயனம் இல்லாமல் நடத்திக் காட்ட வேண்டும். செலவும் எழுத்து வேலையும் அதிகம். ஏற்றுமதிக்கு இது வேண்டும்.

இன்னொன்று பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்வது. மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. சிறு விவசாயிகளுக்கு இதுதான் கட்டுப்படியாகும். இதிலே 'பி.ஜி.எஸ். கிரீன்' என்று போட்டிருந்தால் இன்னும் மாறிக்கொண்டிருக்கிற நிலம் என்று பொருள். முழுமையாக மாறியதற்கு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. பாக்கெட்டில் அடைத்த பொருளாக இருந்தால் அரசின் ஆர்கானிக் முத்திரையும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேடுங்கள்.

சான்றிதழே இல்லாமல் நேர்மையாக இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் நிறையப் பேர். நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசிப் பேசி மாற்றிய விவசாயிகளில் எத்தனையோ பேர் காகிதம் வாங்கியதில்லை. அவர்களிடம் பூச்சிக்கும் பயிர் வளர்ச்சிக்கும் என்ன அடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், மீன் அமிலம், பஞ்சகவ்யா என்று எதை எப்போது எவ்வளவு என்று கடகடவெனச் சொல்வார்கள். செய்கிறவர் நிறுத்தாமல் சொல்லுவார், செய்யாதவர் 'எல்லாம் நேச்சுரல்தான்' என்பதோடு முடித்துக்கொள்வார்.

ஒரு மூடநம்பிக்கையையும் இங்கே ஒழித்துவிடலாம். கத்தரிக்காயில் புழு இருந்தால் மருந்தே அடிக்கவில்லை என்று அர்த்தமாம். காய்த்துளைப்பான் புழு காய்க்குள்ளே உட்கார்ந்திருக்கும், மேலே எவ்வளவு அடித்தாலும் உள்ளே எட்டாது. அதனால்தான் கத்தரிக்கு ஆத்திரத்தில் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். சொத்தைக் கத்தரி எதற்கும் சான்று இல்லை. பளபளப்பும் அப்படியே, நல்ல வேலூர் முள்ளுக்கத்தரி பறித்த அன்று தானாகவே மினுங்கும்.

விலைக் கணக்கு

ஒரு பெட்டி 600 ரூபாய், ஐந்து கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோ 120 ரூபாய். இத்தோடு கணக்கை நிறுத்தினால் ஏமாறுவீர்கள். ஐந்து கிலோவில் ஒன்றரைக் கிலோ பரங்கி, ஒரு கிலோ சுரைக்காய், அரைக் கிலோ வெள்ளரி என்றால் மூன்று கிலோ தண்ணீர்க்காய். மீதி இரண்டு கிலோவில்தான் கீரை, வெண்டை, அவரை, கத்தரி எல்லாம். பெட்டி கனமாக இருப்பதும் நிறைவாக இருப்பதும் வேறு வேறு.

நான் செய்வது இது. முதல் நாலு பெட்டியையும் வந்தவுடன் சமையலறைத் தராசில் காய் காயாக நிறுத்து எழுதுவேன். அதே நாள் உழவர் சந்தை விலைப் பலகையில் என்ன விலை என்று பார்த்துப் பக்கத்தில் எழுதுவேன். நாலு வாரத்தைக் கூட்டினால், சந்தை விலைக்கு மேல் எத்தனை ரூபாய் கொடுக்கிறேன் என்று தெரியும். ஒரு வாரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசாங்கமே சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த மாதம் எங்கள் பெட்டி விலை மாறவில்லை, அரைக் கிலோ தக்காளியும் வந்தது. அதே பெட்டி தை மாதம் சந்தையோடு ஒப்பிட்டால் கொள்ளை விலையாகத் தெரியும். ஏற்றத்தாழ்வை விவசாயியும் நாமும் பாதிப் பாதி சுமக்கிறோம் என்பதுதான் நிலையான விலையின் கணக்கு.

சந்தைக்கு மேல் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று கேட்டால், அது உங்கள் பையைப் பொறுத்தது. எனக்குக் கால் பங்கு கூடுதல் உறுத்தவில்லை. இரண்டு மடங்கு என்றால் விட்டுவிடுவேன், எவ்வளவு நல்ல காயாக இருந்தாலும்.

பணம் கட்டும் இடத்தில் அவசரம் வேண்டாம்

மூன்று மாதம், ஆறு மாதம் என்று முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். சின்ன விவசாயிக்கு விதை வாங்க, ஆள்கூலி கொடுக்க அது உதவும், உண்மைதான். ஆனால் முதல் முறை நாலு வாரத்துக்கு மேல் கட்டாதீர்கள். நான் ஒருமுறை ஒரு கம்பெனியின் ஆப்பில் மூவாயிரம் ரூபாய் போட்டு வைத்தேன். மூன்றாவது பெட்டிக்குப் பிறகு டெலிவரி எங்கள் பகுதிக்கு நிறுத்தம் என்று குறுஞ்செய்தி வந்தது. மீதிப் பணம் 'உங்கள் வாலெட்டில் பத்திரமாக' இருந்தது. பத்திரமாகத்தான் இருந்தது, எடுக்கத்தான் முடியவில்லை. இரண்டு மாதம் நச்சரித்த பிறகு வந்தது.

கார்டிலிருந்தோ யு.பி.ஐ. வழியாகவோ தானாகப் பணம் போகும் ஏற்பாடு என்றால், எப்படி நிறுத்துவது என்று கட்டும் முன்பே கண்டுபிடியுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர் முதல், தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தச் செய்தியைக் கடன் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

கூடவே கேட்டுக்கொள்ள வேண்டியவை: ஊருக்குப் போனால் ஒரு வாரம் நிறுத்தி வைக்கலாமா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? பிடிக்காத காய் இரண்டைப் பட்டியலிலிருந்து நீக்க முடியுமா? டெலிவரி கட்டணம் தனியா? பெட்டி எதில் வரும்? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. ஆனாலும் கீரையை பாலிதீனில் சுற்றி அனுப்புகிற 'இயற்கை' ஆட்கள் உண்டு. மஞ்சப்பையோ கூடையோ திரும்ப வாங்கிப் போகிறவர்கள் என்றால் நல்லது.

டெலிவரி நாளை உங்கள் ஓய்வு நாளுக்கு முந்தின மாலையாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வெள்ளி மாலை. பெட்டி வாட்ச்மேன் அறையில் இரவு முழுக்கப் புழுங்கினால் கீரை கதை முடிந்தது. வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வையுங்கள், அவருக்கும் அவ்வப்போது ஒரு சுரைக்காய் கொடுங்கள். அதுவும் பெட்டியை நடத்துவதில் ஒரு பகுதிதான்.

பெட்டி வந்த முதல் ஒரு மணி நேரம்

சந்தா நிலைப்பதும் நிற்பதும் இந்த ஒரு மணி நேரத்தில்தான். பெட்டியை அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டு ஐந்தாம் நாள் திறந்து பார்த்து, "ஆர்கானிக் காய் சீக்கிரம் கெட்டுப்போகுது" என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் தரையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டுங்கள். முதலில் கீரை. வேரை வெட்டி, அழுகல் இலையை எடுத்து, கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். கழுவினால் மறுநாளே குழைந்துவிடும். முருங்கைக்கீரையைக் கொத்தாகத் துணியில் சுற்றி இரவு முழுக்க வெளியே வைத்துவிடுங்கள், காலையில் உதறினால் இலை தானாக உதிரும், ஆயும் வேலை மிச்சம். முள்ளங்கியின் இலையை அப்போதே வெட்டிப் பிரியுங்கள், இல்லாவிட்டால் கிழங்கின் ஈரத்தை அது உறிஞ்சிக் கிழங்கு நெட்டியாகிவிடும். அந்த இலையை வீசாதீர்கள், பாசிப்பருப்புப் போட்டுப் பொரியல் செய்யலாம். கறிவேப்பிலையை உருவி டப்பாவில் போடுங்கள். வெண்டைக்காய் மேல் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. தக்காளி, வாழைக்காய், கிழங்கு வகை வெளியே. கத்தரிக்குக் கடுங்குளிர் ஆகாது, இரண்டு நாளில் சமைத்துவிடுவீர்கள் என்றால் அதுவும் வெளியே இருக்கட்டும்.

பிறகு வரிசை போடுங்கள். முதல் இரண்டு நாள் கீரையும் வெண்டையும். அடுத்து பீர்க்கை, அவரை, கத்தரி, வாழைப்பூ. நாலாம் நாள் முதல் கொத்தவரை, பாகல், முருங்கை. கடைசியில் வாழைக்காய், சேனை. முழுப் பரங்கியும் பூசணியும் மாதக்கணக்கில் நிற்கும், அவை உங்கள் சேமிப்பு. ஆனால் வெட்டிய சுரைக்காயை மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

மிஞ்சியதற்கு நம் சமையலில் வழி இருக்கிறது. பீர்க்கங்காயின் தோலைத் துவையலாக்கலாம், சுரைக்காயைத் துருவி அடை மாவில் போடலாம். ஏழெட்டு வகையில் ஒவ்வொரு கை மட்டும் மிஞ்சினால் சனிக்கிழமை கூட்டாஞ்சோறு. கொத்தவரையும் பாகலும் தொடர்ந்து வந்து அலுப்பேற்றும் வெயில் மாதத்தில் மோரில் ஊறப்போட்டு மொட்டை மாடியில் வத்தல் போட்டுவிடுங்கள், மழைக்காலத்தில் வத்தக்குழம்புக்கு ஆகும்.

மழை மாதங்கள்

பெரும்பாலான வீடுகள் சந்தாவை நிறுத்துவது ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில்தான் கொட்டும். கீரைப் பாத்தி மூழ்கும், தக்காளிச் செடி அழுகும், பந்தல் சாயும். பெட்டி பாதியாகும், சில வாரம் வண்டியே வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்களுக்கு இரண்டு வாரம் எதுவும் வரவில்லை.

இதற்கு என்ன ஏற்பாடு என்று சேரும்போதே கேட்டு வைக்க வேண்டும். சிலர் அந்த வாரப் பணத்தைக் கழித்துக்கொள்வார்கள். சிலர் தை மாதம் கூடுதலாக அனுப்பி ஈடு கட்டுவார்கள். சிலர் காய்க்குப் பதில் அவர்கள் நிலத்து அரிசி, உளுந்து, செக்கு எண்ணெய் அனுப்புவார்கள். எங்களுக்கு வந்தது ஒரு கிலோ கருப்புக் கவுனியும் இரண்டு தேங்காயும். எந்த ஏற்பாடும் இல்லை, "மழை பெய்தால் நாங்கள் என்ன செய்வது" என்று மட்டும் சொல்கிறவர் என்றால் ஐப்பசிக்கு முன்பே நிறுத்திவிட்டுத் தையில் மறுபடி சேருங்கள். அதில் ஒரு தவறும் இல்லை, அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாலு வாரம் கழித்து

நோட்டை எடுங்கள். வந்ததில் எவ்வளவு குப்பைக்குப் போனது? பத்தில் ஒன்று என்றால் தொடருங்கள். மூன்றில் ஒன்று என்றால் பெட்டியைச் சிறிதாக்குங்கள், அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று மாற்றுங்கள், அல்லது பக்கத்து வீட்டோடு பாதி பிரித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் குப்பை என்றால் உங்களுக்கு உழவர் சந்தைதான் சரி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய், பிடித்ததைப் பொறுக்கி வாங்கி வாருங்கள்.

அழுகல், குறைவு, தாமதம் எதுவானாலும் அன்றே படம் எடுத்து அனுப்பிச் சொல்லிவிடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகக் கொட்டினால் அவருக்கும் நினைவிருக்காது. நன்றாக இருந்ததையும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் புளிச்சகீரைக் கடைசல் செய்த அன்று படம் அனுப்பினேன், அடுத்த மூன்று வாரம் புளிச்சகீரை வந்தது. அளவோடு பாராட்ட வேண்டும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

2020-ல் விலகிய ஒன்பது வீட்டில் இரண்டு வீடு திரும்பி வந்திருக்கிறது. மூன்றாம் மாடி அக்கா பணம் அனுப்பும் முன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இப்பவாவது உருளைக்கிழங்கு போடுறாங்களா?"

இல்லை.